கோப்பை அழித்துவிட்டீர்களா? முதலில் கையை எடுங்கள்

படமோ ஆவணமோ தவறி அழிந்துவிட்டது என்று தெரிந்த உடனே, அது இருந்த மெமரி கார்டையோ பென் டிரைவையோ கழற்றி வையுங்கள். கணினியின் உள் டிஸ்க் என்றால் கணினியை அணைத்துவிடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

யாங்கோனில் அனோரதா சாலைப் பக்கம் கணினி பழுது பார்க்கும் கடை நடத்துகிறேன். தீமிதி, கல்யாணம் என்று படம் எடுக்கும் நம் பிள்ளைகள், "அண்ணே, கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன்" என்று ஓடி வருவார்கள். "அதற்குப் பிறகு ஒரு படமாவது எடுத்தாயா?" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. மீதி வேலையெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

விண்டோஸில் டெலீட் அழுத்தினால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அங்கே வேறு பெயரில் கிடக்கும். அதன் பழைய பெயர், இருந்த இடம், அழித்த நேரம் மூன்றையும் ஒரு சின்னக் கோப்பு பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கும். ஷிஃப்ட் சேர்த்து அழித்தாலோ பென் டிரைவில் அழித்தாலோ வழக்கமாக அங்கேயும் போவதில்லை. அப்போதுகூட உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. விண்டோஸ் டிஸ்க்கின் அட்டவணையில் "பயன்பாட்டில் இல்லை" என்று ஒரு குறி மாறுகிறது. ஃபாட்32 என்ற கோப்பு அமைப்பு முறையில் அமைந்த கார்டு என்றால், பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஓர் அடையாள எண் விழும். கோப்பின் துண்டுகள் எங்கெங்கே இருந்தன என்ற தொடர்பும் அழியும். வாசலில் பெயர்ப் பலகையைக் கழற்றியாயிற்று, ஆள் இன்னும் வீட்டுக்குள்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் புதிய கோப்பு ஒன்று எழுதப்பட்டுவிட்டால் பழையது போனது போனதுதான். அதன்பிறகும் கொண்டுவருவேன் என்று லட்சக்கணக்கில் கியாட் கேட்பவரை நம்பாதீர்கள்.

எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், இருக்கும் கணினியில் நிலைமை மோசம். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல், கோப்பை அழித்ததும் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று கணினியே டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது. டிரிம் என்பது அதன் பெயர். டிஸ்க் தன் ஓய்வு நேரத்தில் அந்த இடத்தைத் துடைத்துவிடும். அதனால் எஸ்.எஸ்.டி.யில் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டவருக்கு நான் ஆசை காட்டுவதில்லை. கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள், ஐபோன் படத் தொகுப்பில் 30 நாள் வரை கோப்பு கிடக்கும். முதலில் அங்கே தேடச் சொல்கிறேன்.

கேமரா கார்டு, பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டிலும் நம்பிக்கை உண்டு. பெரிய எஸ்.டி. கார்டின் இடது ஓரத்தில் நகத்தால் தள்ளும் அளவுக்கு ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதைக் கீழே தள்ளிப் பூட்டிவிட்டுத்தான் கணினியில் செருக வேண்டும். மைக்ரோ கார்டுக்கு அந்தப் பொத்தான் இல்லை. அதைப் போட்டுச் செருகும் அடாப்டரில் இருக்கும். "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று மூடுங்கள். மீட்கும் மென்பொருளை இழந்த கோப்பு இருந்த டிஸ்க்கிலேயே நிறுவாதீர்கள், மீட்டதையும் அங்கே சேமிக்காதீர்கள். இந்த இரண்டையும் செய்து, இருந்ததையும் கெடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்து, கார்டை முழுமையாக ஒரு நகல் எடுங்கள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் உள்ள டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளைத்தான் நான் பயன்படுத்துகிறேன். எதுவரை படித்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நம் ஊர் மின்சாரத்தை நம்பி மணிக்கணக்கான வேலையைத் தொடங்க முடியாது. கரண்ட் போய் வந்த பிறகு அதே கட்டளையை, அதே வரைபடக் கோப்போடு மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்காகவே அந்த மென்பொருளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

நகல் கிடைத்ததும் அதன் மேல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுங்கள். இதுவும் இலவசம். அட்டவணையை நம்பாமல் ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் விதத்தை வைத்து இது தேடுகிறது. ஜேபெக் படம் எப்போதும் ஒரே மூன்று பைட்டுகளில்தான் தொடங்கும். அதைக் கண்ட இடத்திலிருந்து வெட்டி எடுக்கும். படங்கள் நன்றாகவே வரும். நீளமான வீடியோ கார்டில் துண்டு துண்டாகக் கிடந்தால் சரியாக ஒட்டாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

கோப்பின் பெயர்கள் திரும்பி வராது. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகளில் சங்கக் கணக்கையோ கோயில் அழைப்பிதழையோ உள்ளிருக்கும் சொல்லை வைத்துத்தான் தேட வேண்டும். அங்கே ஒரு சிக்கல். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மியன்மார் அதிகாரபூர்வமாக மாறியது 2019 அக்டோபரில். அதற்கு முந்தைய பர்மிய ஆவணங்களில் பெரும்பாலானவை சௌஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்தவை. யூனிகோடில் தேடினால் பல சொற்கள் அகப்படாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த தமிழும் அப்படித்தான்: உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எழுத்துகள். ஆகவே பழைய விசைப்பலகை முறையில் அடித்தே தேடுங்கள். அல்லது ஆண்டையும் தொகையையும் ஆங்கில எண்களில் தேடுங்கள். அவை பெரும்பாலும் எல்லா எழுத்துருவிலும் ஒன்றுதான்.

இதே காரணத்தால்தான் பழைய கணினியை விற்கும்போது வெறுமனே அழித்துக் கொடுக்கக் கூடாது. அதை வாங்கியவரும் உங்கள் குடும்பப் படங்களை இதே மென்பொருளால் எடுத்துவிடுவார். ஹார்ட் டிஸ்க் என்றால், விண்டோஸை மீட்டமைக்கும்போது தரவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் இயக்குங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். முழுக்க ஒருமுறை மேலெழுதினால் இன்றைய டிஸ்க்குகளுக்குப் போதும். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு வந்த கைப்பேசி தன் தரவை மறையாக்கம் செய்தே, அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியே, வைத்திருக்கிறது; தொழிற்சாலை நிலைக்கு மாற்றினால் அதன் திறவுகோல் அழிந்துவிடும். ஆனால் உள்ளே செருகியிருக்கும் மைக்ரோ கார்டு தானாக அழியாது. அதைக் கழற்றிக்கொண்ட பிறகு விற்கக் கொடுங்கள்.