தொய்ந்துபோன தையல் இருக்கையைச் சரிசெய்தது

பாஸ்டனில் கணவர் வீட்டுச் சொத்து, கை இல்லாத சிப்பன்டேல் பாணி (பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய மரச்சாமான் பாணி) நாற்காலிகள். இருக்கையில் அவருடைய பாட்டி கம்பளி நூலால் போட்ட பூ வேலை. ஒன்றில் உட்கார்ந்தால் நடுவில் தொட்டில் மாதிரி குழி விழுந்தது.

இந்த வகையில் இருக்கை தனி மரச்சட்டம். கீழிருந்து தள்ளினால் கழன்று வரும். சட்டத்திலும் நாற்காலியிலும் உளியால் ஒரே ரோமன் எண்ணைக் கொத்தியிருந்தார்கள், ஜோடி மாறாமலிருக்க.

தையலில் குறையில்லை, அடியிலிருந்த சணல் பட்டைதான் இற்றுப்போயிருந்தது. துருவேறிய குட்டி ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினேன். அவசரப்பட்டால் பூ வேலை போட்ட கான்வாஸ் துணியின் ஓரம் கிழியும். தையலை நனைக்கவே இல்லை, பழைய சாயம் ஓடிவிடலாம். மேலே நைலான் வலை போட்டு, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசி எடுத்தேன்.

கடைக்காரர் ஃபோம் போடச் சொன்னார். வேண்டாம் என்றேன்: தடிமன் கூடினால் சட்டத்தைத் திணிக்க வேண்டிவரும், அப்புறம் நாற்காலி மூட்டு விரியும். உள்ளே மெத்தையாக இருந்த பழைய குதிரைமுடியையே உதறி வைத்தேன்.

புதுச் சணல் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னி அடித்தேன். பாட்டியின் தையலில் மட்டும் மறுபடி ஆணி இறக்கவில்லை. ஓரத்தில் பருத்திப் பட்டி தைத்து, அந்தப் பட்டியைத்தான் சட்டத்தில் அடித்தேன். இனி யார் கழற்றினாலும் கான்வாஸுக்குச் சேதமில்லை.