மழலையர் சுற்றுலா: பள்ளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் கொங்குப் பகுதியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கான சுற்றுலா அறிவிப்பைப் பார்த்தால் காலையில் கோயில், பிறகு மணிமண்டபம், மதியம் பறவைகள் சரணாலயம், மாலையில் அணை என்று நீளும். பெற்றோர் கட்டிய பணத்துக்குக் கணக்குக் காட்டும் பட்டியல் அது. நான்கு வயதுப் பிள்ளைக்கு மிஞ்சுவது வேனில் வாந்தி எடுத்தது மட்டும்தான். ஓர் இடம் போதும், அதுவும் அரை மணி நேரப் பயணத்துக்குள்.

அந்த ஓர் இடத்தையும் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் நமக்கெல்லாம் பெருமைதான். கல்மணி செய்த, இரும்பு உருக்கிய பழைய ஊர். ஆனால் அகழாய்வுக் குழிகளை மூடிய பிறகு அங்கே பெரியவர்களின் கண்ணுக்கே மண்தான் தெரியும். பிள்ளை பானை ஓட்டைப் பொறுக்கினால் "கீழே போடு" என்று அதட்டத்தான் நேரம் சரியாக இருக்கும். எடுக்கக் கூடாதுதான், அப்படியானால் தொடக் கூடாத இடத்துக்கு ஏன் அழைத்துப் போக வேண்டும்? பக்கத்து ஊரில் திண்ணை வைத்த வீடு ஒன்றைப் பிடித்து, அங்கிருக்கும் அமுச்சியிடம் (பாட்டியிடம்) ஆட்டுக்கல்லில் மாவாட்டிக் காட்டச் சொல்லுங்கள். குழவியைச் சுற்ற வரிசையில் நிற்பார்கள்.

தீரன் சின்னமலையின் மணிமண்டபம் உள்ள ஓடாநிலைக்குப் போனால், அவரைத் தூக்கிலிட்ட கதையை 1805, சங்ககிரி, தூக்கு என்று ஆரம்பிக்கும் ஆசிரியர்கள் உண்டு. ஆண்டு மண்டையில் ஏறாது. தூக்கு மட்டும் ஏறி, பிள்ளை இரவில் அழும். அவரைப் பற்றிச் சொல்ல நம் ஊரிலேயே நல்ல கதை இருக்கிறது. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து, "சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்" என்றாராம். இரண்டு மலையும் தெரிகிற மேட்டில் நின்று, கையை நீட்டிக் காட்டிச் சொன்னால் போதும். சின்னமலை எங்கே என்று அவர்களே தேடுவார்கள்.

இயற்கை என்றதும் ஊட்டிக்கு வண்டி கட்டுவது இன்னொரு தவறு. காங்கேயம், மூலனூர்ப் பக்கம் கொரங்காட்டை விடவா? சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மாடு மேய்வதற்கென்றே நம் முன்னோர் விட்டுவைத்த நிலம் இது. வரலாறும் இயற்கையும் ஒரே வேலிக்குள் கிடைக்கின்றன. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். இதை முதலிலேயே சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். சிவப்புக் கன்று சாம்பல் நிறப் பசுவிடம் பால் குடிப்பதைப் பார்த்ததும், "இது யாருடைய கன்று?" என்று எவனாவது ஒருவன் கேட்பான். அதன் பிறகு சொல்லுங்கள். வேலியில் ஓணான் தலையாட்டினால் கால் மணி நேரம் நகர மாட்டார்கள். நகர்த்தவும் வேண்டாம்.

வெள்ளோடு, நஞ்சராயன் குளம் ஆகிய பறவைகள் சரணாலயங்கள் இரண்டும், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. ஆனால் வெயில் ஏறிய பிறகு, கோடைக்காலத்தில் போய்விட்டுப் பறவையே இல்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. மார்கழி, தை மாதக் காலை நேரம்தான் சரி. விசிலும் மைக்கும் பள்ளியிலேயே இருக்கட்டும். முறுக்கைப் பறவைக்கு வீசப் பழக்கக் கூடாது. தொலைவில் நிற்கும் நாரையை விட்டுவிட்டுக் காலடி நத்தையைப் பிள்ளை பார்த்தால், அதுவும் பார்ப்பதுதான்.

கழிப்பறை இருக்கிறதா என்று முந்தின நாளே ஓர் ஆள் போய்ப் பார்த்துவர வேண்டும். சாப்பாட்டுக்குப் புதிதாக எதையும் வாங்கித் தராமல், வீட்டிலிருந்து தயிர்சாதம் வரட்டும்.

வேலியோரம் போகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாக மின்னும் விதையைக் கண்டால் பிள்ளை வாயில் போடும். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. ஊமத்தங்காய், ஆமணக்கு விதையும் அப்படியே. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. வாய்க்கால், கிணற்று மேடு பக்கம் போவதானால் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. அந்தப் பெரியவர் கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு படம் எடுப்பவராக இருக்கக் கூடாது. படம் எடுக்கத் தனியாக ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள்.