பேக்கர் நழுவாமல் இருக்க நான் செய்தது

நான் திருநம்பி. ஆணுக்கு இருப்பது போல பேண்டின் முன்பக்கம் மேடாகத் தெரிய உள்ளாடைக்குள் ஒன்றை வைத்துக்கொள்வதைத்தான் பேக்கிங் என்கிறோம், அப்படி வைக்கும் பொருள்தான் பேக்கர். ஆரம்பத்தில் ஆசையில் பெரிய சைஸ் சிலிகோன் பேக்கர் வாங்கி, தளர்வான பாக்ஸருக்குள் போட்டேன், 10 நிமிடம் நடந்ததும் அது இடுப்போரம் போய் நின்றது, உட்கார்ந்தால் கூடாரம் போட்ட மாதிரி துருத்தியது. சரி என்று அதை ஓரங்கட்டிவிட்டு சாக்ஸுக்கு வந்தேன். ஒன்றைச் சுருட்டி இன்னொன்றுக்குள் திணித்து முடிச்சுப் போட்டால் போதும், செலவே இல்லை. இறுக்கமான ப்ரீஃப் ஜட்டியின் உட்புறம் ஒரு துணிப்பை தைத்து அதற்குள் வைத்தேன், அசையவே இல்லை. (முதலில் ஊக்கு குத்திப் பார்த்தேன். அது கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.) இடமும் முக்கியம்: வயிற்றை ஒட்டி மேலே அல்ல, கால்கள் பிரியும் இடத்தில், கீழ்நோக்கி.

அப்புறம்தான் சின்னதாக, மென்மையான பேக்கர் வாங்கினேன், இயல்பாகத் தெரிய 3 அங்குலமே தாராளம். வியர்வையில் தோல் சிவந்து அரித்தது, துணிப்பை நடுவில் இருப்பதால் இப்போது குறைவு. தினமும் மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் போக உலர்த்தி, லேசாகச் சோளமாவு தூவி வைக்கிறேன், இல்லாவிட்டால் பிசுபிசுக்கும். தூங்கும்போது கழற்றிவிடுவேன்.