தனுஷ்கோடி கரையில் வலசைப் பறவைகளை எண்ணும் முறை

எண்ணும் நாளை ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரக் கணக்கைப் பார்த்துத்தான் குறிக்க வேண்டும். வற்றத்தில் உள்ளான்கள், உப்புக்கொத்திகள் போன்ற கரைப்பறவைகள் சேற்றுப்பரப்பு முழுக்கச் சிதறி இரை தேடும்; எண்ணி மாளாது. ஓதம் ஏறினால் மணல்திட்டில் நெருங்கி ஒதுங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளில் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். இங்கே ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு; வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) வாடை பலமாக அடித்தால் அட்டவணை பொய்த்துவிடும். முந்தின நாளே மீனவர்களிடம் விசாரியுங்கள்.

8×42 பைனாகுலரும் முக்காலியில் நிறுத்திய ஸ்கோப்பும் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) போதும். வெயில் ஏறினால் கானல் அலையில் கால்நிறம் தெரியாது. சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

பூநாரைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். சாம்பல் நிற இளசுகளைத் தனியாகக் குறியுங்கள். சிறு உள்ளான் கூட்டத்துக்கு வேறு வழி: முதலில் பத்தை எண்ணி, அது பிடிக்கும் இடத்தை மனத்தில் வாங்கி, அதே அளவாகக் கூட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். பெரிய கூட்டத்தைக் கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிடுங்கள். பிறகு ஸ்கோப்பில் நூறு பறவைகளை இனம் பிரித்து, அந்த விகிதத்தை மொத்தத்துக்குப் போடுங்கள். கூட்டம் தலைதூக்கினால் அங்கேயே நில்லுங்கள். கிளம்பிவிட்டால் ஒரே பறவை இருமுறை கணக்கில் ஏறும், பயணத்துக்கென்று அது சேர்த்த கொழுப்பும் வீணாகும்.

ஜனவரிக் கணக்கு மட்டும் போதாது. மார்ச், ஏப்ரலில்தான் வலசையின் உடலியல் கண்ணுக்குத் தெரியும்: சைபீரியத் துந்திராவில் குஞ்சு பொரிக்கும் வளைமூக்கு உள்ளானுக்குச் செங்கல் நிறம் ஏறும், கொழுப்பால் வயிறு புடைக்கும். இன்னும் நிறம் ஏறாத நரைத்த பறவை எத்தனை, சிவந்தது எத்தனை என்று எழுதுங்கள். ஜூனிலும் கரையில் நிற்கும் நரைத்த பறவையை அடிபட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதல் வருட இளசுகள் பல வடக்கே போவதில்லை.

காலில் கொடி (ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டும் நிறப்பட்டை) தெரிந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்ன நிறம், எழுத்து உண்டா என்று பாருங்கள். பறவைக்கு இடது எதுவோ அதுதான் இடது. இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள்.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். தாளில் நேரம், காற்று, ஓத நிலை மூன்றையும் எழுதுங்கள். ஒன்றுமே தென்படாவிட்டால் பூஜ்யம் என்று போடுங்கள், இடத்தை வெறுமனே விடாதீர்கள்.