லேட்டக்ஸ் ஆடையை வெட்டி ஒட்டும் முறை

லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பாலிலிருந்து செய்த தாளால் ஆன ஆடையில் ஊசிக்கு இடமில்லை. துணியில் ஊசி இறங்கும்போது இழைகள் விலகி வழிவிடும். ரப்பர் தாளில் விலக இழைகளே இல்லாததால், ஒவ்வொரு துளையும் இழுவிசை வந்து குவியும் இடமாகி, அங்கிருந்தே கிழிசல் தொடங்கிவிடும். எனவே இந்த ஆடைகள் பசையால்தான் மூட்டப்படுகின்றன. நல்ல ஆடைக்கும் இரண்டாம் முறை அணிகையில் பிரிந்துவிடும் ஆடைக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அந்த மூட்டுவாயில்தான் இருக்கிறது.

ரப்பர் மரத்தைச் சீவினால் வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே ரப்பர் இருக்கும். கெட்டியாகாமலிருக்க அம்மோனியா சேர்த்து, மையவிலக்குப் பொறியில் சுழற்றி, அதை ஏறத்தாழ 60 சதவீதம் வரை செறிவாக்குகிறார்கள். பின்னர் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, நிறமி முதலியவற்றைக் கலந்து, மெல்லிய படலமாகப் பரப்பி, உலர்த்திச் சூடேற்றும்போது, இழுத்துவிட்டால் பழைய அளவுக்கே திரும்பும் தாள் கிடைக்கிறது. கையுறை, காலுறை போன்றவற்றை வார்ப்புருவைப் பாலில் முக்கி எடுத்து, மூட்டே இல்லாமல் செய்வதும் உண்டு. உடலுக்கு அளவெடுத்துச் செய்யும் ஆடைக்குத் தாளே ஏற்றது. முதல் முயற்சிக்கு 0.4 மில்லிமீட்டர் கனமுள்ள தாளை வாங்குங்கள். அதைவிட மெல்லியது பசை பட்டவுடன் கட்டுக்கடங்காமல் நெளியும்.

பேட்டர்னை, அதாவது துண்டுகளை வெட்டுவதற்கான மாதிரி வரைபடத்தை, உடல் அளவைவிடச் சிறிதாக வரைய வேண்டும். இடுப்புச் சுற்றளவு 70 சென்டிமீட்டர் என்றால், 10 சதவீதம் குறைத்து 63 சென்டிமீட்டராக எடுத்துக்கொள்ளலாம். முன்புறம், பின்புறம் என இரண்டு துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் 31.5 சென்டிமீட்டர், ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டுவதற்காக ஒவ்வொரு துண்டிலும் 1 சென்டிமீட்டர் கூட்டினால் 32.5 ஆகும். உயரத்தை இதே விகிதத்தில் குறைக்கக் கூடாது. குறைத்தால் குனியும்போது ஆடை மேலேறிவிடும்.

தாளை இழுக்காமல் விரித்து, வெட்டுப் பலகையின்மேல் சுழல் கத்தியால் ஒரே ஓட்டமாக வெட்டுங்கள். துணியில் செய்வதுபோல விளிம்பில் கத்தரி நுனியால் சிறு வெட்டுப் போட்டு அடையாளம் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதை இங்கே அறவே மறந்துவிட வேண்டும், ஏனெனில் அந்த வெட்டே கிழிசலின் முதல் அடி. வெள்ளி நிறப் பேனாவால் 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். வளைவான ஓரங்களை ஒட்டும்போது புள்ளிக்குப் புள்ளி பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். உள்மூலைகளைக் கூராக விடாமல் சற்றே வளைத்து வெட்டுங்கள்.

இனி மூட்டுதல். தாளின் மேல் படிந்திருக்கும் முகப்பவுடரையும் விரல் எண்ணெயையும், கரைப்பான் (ரப்பர் பசையைக் கரைக்கும் திரவம்) நனைத்த துணியால், ஒட்ட வேண்டிய இரு பரப்புகளிலும் துடைத்தெடுங்கள். பின்பு ரப்பர் பசையை ஒரு பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் இரண்டிலும் மெல்லிய படலமாக இழுத்துத் தடவுங்கள். தடவிய சில நொடிகளில், பசையிலுள்ள கரைப்பானைக் குடித்து ஒரு பக்கம் மட்டும் உப்புவதால், விளிம்பு சுருண்டு நெளியும். முதல் முறை பார்ப்பவருக்குத் தாள் கெட்டுவிட்டதோ என்ற பதற்றம் வரும். கை வைக்காமல் காத்திருங்கள். கரைப்பான் ஆவியாக ஆவியாக விளிம்பு தானாகவே படியும், பளபளப்பு மங்கும், விரலால் தொட்டால் ஈரம் ஒட்டாது. அதுவே பக்குவம். அவசரப்பட்டு ஈரமாகவே சேர்த்தால் உள்ளே சிக்கிய ஆவி கொப்புளமாக எழும்பும்.

உலர்ந்த இரு பரப்புகளும் தொட்ட கணமே பற்றிக்கொள்ளும் என்பதால், ஒரு முனையிலிருந்து தொடங்கி, இழுக்காமல், சிறிது சிறிதாகப் படியவைத்து, சிறு உருளையால் அழுத்தி உருட்டுங்கள். கோணலாகிவிட்டால் பிய்க்காதீர்கள், இடுக்கில் ஒரு துளி கரைப்பான் விட்டால் பிடி தளரும். கழுத்து, கைக்குழி ஓரங்களில் மூட்டு முடியும் இடத்தில் உட்புறமாக ஒரு சிறு பட்டையை ஒட்டுவது அவசியம். இழுவிசை முதலில் தாக்குவது அங்கேதான். ஒரு நாள் முழுதும் விட்ட பிறகே அணிந்து பாருங்கள்.

இந்தக் கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுபவை, அவற்றின் ஆவி தலைசுற்ற வைக்கும்; ஆகவே சன்னல்களைத் திறந்து, அருகில் அடுப்போ தீப்பொறியோ இல்லாமல் வேலை செய்யுங்கள். ரப்பர் பாலின் புரதம் ஒவ்வாதவர்கள் இதைச் செய்யவும் கூடாது, அணியவும் கூடாது.

முடிந்த ஆடையை வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி, இருபுறமும் உலர்த்தி, முகப்பவுடர் தூவி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தேங்காயெண்ணெய் போன்றவை ரப்பரை ஊறவைத்துத் தளர்த்திவிடும். செம்பு, பித்தளை பட்ட இடம் பழுப்பாகக் கறை படியும். வெளிர் நிற ஆடையாக இருந்தால் நாணயம் தொட்ட கையைக் கழுவிவிட்டே எடுங்கள்.