யூத இனப்படுகொலையைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி நடத்திய யூத இனப்படுகொலையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘வதைமுகாம்’ என்ற ஒரே சொல்லை எல்லா இடங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்தே கிளைக்கின்றன. ஹிட்லர் பதவிக்கு வந்த சில வாரங்களில், 1933 மார்ச்சில், மூனிக் அருகே திறக்கப்பட்ட டாக்காவ், முதலில் அரசியல் எதிரிகளை அடைத்துவைத்த சிறைமுகாம். அங்கும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆனால், ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் ஜெர்மானியர் அமைத்த பெல்செக், ரயிலில் வந்திறங்கியவர்களைச் சில மணி நேரத்துக்குள் கொல்வதற்கென்றே கட்டப்பட்டது. 1942 மார்ச்சிலிருந்து டிசம்பருக்குள் அங்கே நான்கு லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் கொல்லப்பட்டனர். தப்பிப் பிழைத்துச் சாட்சி சொன்னவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆஷ்விட்ஸ் முகாமில் வலுவுள்ளவர்கள் கட்டாய உழைப்புக்குப் பிரித்தெடுக்கப்பட்டதால் பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், எழுதினார்கள். அந்தப் பெயர் நமக்குப் பழகியதற்கும் பெல்செக் பழகாததற்கும் இது ஒரு முக்கியக் காரணம். பெல்செக் போன்றவற்றைக் கொலைமுகாம் என்று தனித்துக் குறிப்பிடுவதே சரி. ‘போலந்து முகாம்கள்’ என்று எழுதுவதும் தவறு, ஏனெனில் அவற்றை நடத்தியது போலந்து அரசு அல்ல.

கொல்லப்பட்ட சுமார் அறுபது லட்சம் பேரும் நச்சுவாயு அறைகளில் மாண்டதாக எழுதுவது அடுத்த பிழை. 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாள்களில் கீவ் நகரை ஒட்டிய பாபி யார் பள்ளத்தாக்கில் 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றதாகக் கொலையாளிகளே தங்கள் அறிக்கையில் கணக்கெழுதி வைத்தார்கள். கிழக்கு ஐரோப்பாவில் இவ்வாறு சுடப்பட்டவர்கள் பதினைந்து லட்சத்துக்குக் குறையாது. யூதர்களை அடைத்துவைத்த நகரப் பகுதிகளான கெட்டோக்களில் பட்டினியாலும் டைஃபஸ் காய்ச்சலாலும் இறந்தவர்கள் தனி. இதைக் கவனித்தால், 1942 ஜனவரி 20 அன்று பெர்லின் புறநகரான வான்சீயில் கூடிய பதினைந்து அதிகாரிகள்தான் படுகொலையை முடிவுசெய்தார்கள் என்ற கூற்றும் நிற்காது. அவர்கள் கூடுமுன்பே லட்சக்கணக்கானோர் இறந்திருந்தனர். துறைகளை ஒருங்கிணைப்பதே அக்கூட்டத்தின் வேலை.

பலியானோரை ஜெர்மன் யூதர்கள் என்று எழுதிவிடுவதும் உண்டு. 1933இல் ஜெர்மனியின் மக்கள்தொகையில் யூதர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பலியானோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் போலந்து யூதர்கள். கொன்றவர்களுக்குத் துணைநின்றவர்களும் பல நாட்டார்: 1942 ஜூலையில் பாரிஸிலும் புறநகர்களிலும் சுமார் 13,000 யூதர்களை வீடுவீடாகக் கைதுசெய்தது பிரெஞ்சுப் போலீஸ்.

கடைசியாக, ‘எதிர்ப்பே காட்டாமல் போனார்கள்’ என்ற வாக்கியம்; எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரலிலும், ட்ரெப்ளிங்கா கொலைமுகாமில் ஆகஸ்டிலும், சோபிபோர் கொலைமுகாமில் அக்டோபரிலும் கிளர்ச்சிகள் வெடித்தன. அதே போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு முப்பது லட்சம் சோவியத் படைவீரர்கள் மாண்டார்கள். ஆயுதப் பயிற்சி பெற்ற அவர்கள் ஏன் எதிர்க்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.