பயம் வேறு, பயபக்தி வேறு: விசுவாசத்தில் வளர நினைக்கிறவர்கள் விடும் பிழைகள்

வாலிபர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி கிட்ட வந்து கேட்டாள்: “அக்கா, ஒவ்வொரு நாளும் வேதம் வாசிக்கிறன், வெள்ளிக்கிழமையில உபவாசம் இருக்கிறன், ஆனா உள்ளுக்குள்ள ஒண்டும் வளர்ந்த மாதிரித் தெரியேல்லை. எங்க பிழை விடுறன்?” அன்றைக்கு அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், நானே இத்தனை வருடமாக விட்ட பிழைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றுதான் கிடக்கிறது. ஆண்டவரிடம் வைக்கும் அன்பையும் பயபக்தியையும் வெட்டிப் பிரித்துவிட்டு, நமக்கு வசதியான ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளை பொய் சொன்னால் “ஆண்டவர் கண்ணைக் குத்துவார்” என்று வெருட்டித்தானே வளர்க்கிறோம்? அந்தப் பிள்ளை வளர்ந்து நாற்பது வயதானாலும், காய்ச்சல் வந்தால் என்ன பாவம் செய்தேன் என்றுதான் முதலில் தேடும். “கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்” என்ற நீதிமொழியை இதற்குச் சாட்சியாக இழுப்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே எபிரேயத்தில் இருக்கும் ‘யிர்ஆ’ என்ற சொல் நடுக்கத்தை மட்டுமல்ல, மிகப் பெரிய ஒன்றின் முன்னால் பேச்சில்லாமல் நிற்கும் வியப்பையும் குறிக்கும். தமிழில் பயம் என்று மட்டும் விளங்கிக்கொண்டால் பாதிதான் கைக்கு வரும். யோவான் தன் முதல் நிருபத்தில் “பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்” என்று சொல்வது, அடி எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பயத்தைத்தான். வியப்பையும் வணக்கத்தையும் அவர் தள்ளச் சொல்லவில்லை.

இந்தப் பிழை எங்கள் ஊரில் எவ்வளவு கொடுமையாக மாறும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். யுத்த காலத்தில், 1995 யூலை 9ஆம் திகதி, யாழ்ப்பாணத்து நவாலியில் சென் பீட்டர்ஸ் தேவாலயத்தின் மேல் குண்டு விழுந்தது. இடம்பெயர்ந்து வந்து ஆண்டவருடைய வீடு என்று நம்பி உள்ளே இருந்த சனம், நூற்றுக்கும் மேல் செத்துப்போனது. அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில் குடாநாடே மூட்டைமுடிச்சோடு வெளிக்கிட்டது. “எங்கட பாவத்துக்குக் கிடைச்ச தண்டனை” என்று அந்தக் காலத்தில் பக்தியுள்ளவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இயேசுவிடமும் இப்படி ஒரு பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் இருந்த மற்ற எல்லோரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அப்படியல்ல என்று நேராகவே மறுத்தார். லூக்கா 13இல் இருக்கிறது, எடுத்து வாசியுங்கள். அடுத்தவர் துக்கத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதைப் பயபக்தி என்று சொல்லாதீர்கள்.

சரி, மற்றப் பக்கம். அன்பு இருக்கிறது, பயபக்தி இல்லை. விசா கிடைத்தால் இன்னது செய்வேன், பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ வந்தால் அன்னதானம் கொடுப்பேன் என்று ஆண்டவரோடு பேரம் பேசுவது. கேட்பதில் பிழை இல்லை, அப்பத்துக்காகக் கேட்கச் சொன்னவரே அவர்தான். கேட்டது கிடைத்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போவதுதான் பிழை.

இனி, நான் வெட்கப்பட்டுத்தான் எழுதவேண்டிய ஒன்று.

அம்மாவின் சீதனக் காணியும் சின்னம்மாவின் சீதனக் காணியும் ஒரே வளவிலிருந்து பிரிந்தவை. நடுவில் கதியால் வேலி, பின்பக்கம் பங்குக் கிணறு. ஒரு வருடம் வேலி அடைக்கும்போது கதியால் எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி வந்துவிட்டது என்று சண்டை. நான் வாய் நீளமாகப் பேசிவிட்டேன். ஆறு வருடம் கதை பேச்சில்லை. கிணற்றடியில் அவ நிற்பது தெரிந்தால் வாளியோடு திரும்பி வந்துவிடுவேன். அந்த ஆறு வருடமும் வெள்ளைச் சேலை உடுத்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஒரு திருவிருந்தும் தவறாமல் முழங்காலில் நின்று அப்பமும் ரசமும் வாங்கினேன். என்னைப்போல பயபக்தியாக வாங்கியவர்கள் சபையில் குறைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் மத்தேயு 5ஐ வாசித்தார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு, பிறகு வா என்று. எத்தனையோ தரம் கேட்ட வசனம். அன்றைக்குத்தான் அதில் ஒன்று கண்ணில் பட்டது: உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை, அவனுக்கு உன்பேரில் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது. நியாயம் என் பக்கம் என்று நான் சேர்த்துவைத்திருந்த காரணங்கள் ஒன்றுக்கும் அந்த வசனத்தில் இடம் இல்லை. உடனே போனேன் என்று பொய் சொல்லமாட்டேன், மூன்று கிழமை பிடித்தது. கிணற்றுப் பக்கத்தால் போனேன். சின்னம்மா குந்தில் இருந்து பனங்கிழங்கு கிழித்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இரு பிள்ளை, தேத்தண்ணி போடுறன்” என்றா. வேலியைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்ட சகோதரனிடம் அன்பில்லாதவன் காணாத தேவனிடம் எப்படி அன்பாயிருப்பான் என்று யோவான் கேட்டது, அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

இதே வேலியைச் சாதி என்ற பெயரில் கோயிலுக்குள்ளேயும் போட்டு வைத்திருக்கிறோம். ஞாயிறு சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிறோம், திங்கட்கிழமை பத்திரிகையில் கிறிஸ்தவ மணமகன் தேவை என்ற விளம்பரத்தில் சாதியைப் போடுகிறோம். கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் அடிகளார் கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தேடிப் பிடித்த காலம், 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளிகளை விட்டு ஓடியபோது அவர்தான் கிட்ட இருந்து பார்த்தார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதை எல்லோரும் கொண்டாடினோம், ஆனால் எங்கள் கலியாணப் பேச்சுகள் மாறவில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று, ஓயாமல் கதைத்துக்கொண்டே இருக்கிற செபம். யாழ்ப்பாணத்துத் தோலகட்டியில் இருக்கும் கத்தோலிக்கத் துறவிகளின் ஆச்சிரமத்துக்கு நெல்லி ரசம் வாங்கப் போகிறவர்கள், 1928இல் தொடங்கிய அந்த ஆச்சிரமத்தின் துறவிகள் மௌனத்தைக் காக்கிறவர்கள் என்பதைக் கொஞ்சம் நின்று யோசித்தால் நல்லது. நாம் துறவிகள் அல்ல, வீட்டில் அடுப்பும் பிள்ளைகளும் உண்டு. ஆனாலும் மூன்று அதிகாரத்தை ஓட்டமாக வாசிப்பதைவிட நாலு வசனத்தை வாசித்துவிட்டுப் பத்து நிமிடம் பேசாமல் இருந்து பாருங்கள். எனக்கு முதல் கிழமை கடைச் சாமான் கணக்குத்தான் மனதில் ஓடியது, அதற்காக விட்டுவிடவில்லை.

அப்புறம் அந்தத் தங்கச்சியின் கேள்வி, வளர்ந்த மாதிரித் தெரியவில்லை என்றது. பனங்கொட்டையைப் பாத்தியில் போட்டால் முளை முதலில் கீழேதான் இறங்கும், மேலே மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. தெரியவில்லையே என்று கிண்டிப் பார்த்தால் கிழங்கு முறிந்துவிடும். மாற்கு 4இலும் விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் எழும்புகிறான், விதை எப்படி முளைக்கிறது என்று அவனுக்கே தெரியாது. ஆகவே வாராவாரம் தன்னைத்தானே அளந்து பார்ப்பதும் ஒரு பிழைதான்.

அவளை அடுத்த முறை கண்டால் அவளுடைய உபவாசத்தைக் குறைசொல்லமாட்டேன். ஏசாயா 58ஐ அவளோடு சேர்ந்து இருந்து வாசிக்கவேண்டும், பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்பதுதான் அங்கே உபவாசம். வாசித்து முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்பேன்: வெள்ளிக்கிழமை நீ சாப்பிடாமல் விடுகிற அந்த மத்தியானச் சோறு யாருடைய கோப்பைக்குப் போகிறது?